பழைய அச்சில் வார்த்த கிட்டார்கள்: விப்ராட்டோவைத் தொட்டதும் சுருதி ஏன் நழுவுகிறது?

1982-இல் ஃபெண்டர் நிறுவனம் தன் 1957, 1962 ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை (சுருக்கமாக ஸ்ட்ராட்) பழைய வடிவத்திலேயே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. அன்றிலிருந்து மறுபதிப்பு கிட்டார்கள் தனி இனமாகவே பெருகிவிட்டன. ஃபெண்டரின் அமெரிக்கன் விண்டேஜ் 2, விண்டெரா 2, ஸ்குவையரின் கிளாசிக் வைப், மேஸ்ட்ரோ வைப்ரோலா என்ற விப்ராட்டோ பூட்டிய கிப்சன் எஸ்ஜி, பிக்ஸ்பி விப்ராட்டோவோடு வரும் கிரெட்ச் என்று பட்டியல் நீளம். வாங்கியவர்கள் சொல்லும் குறை மட்டும் ஒன்றுதான்: சுருதியை ஆட்டும் விப்ராட்டோப் பொறியின் கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. உடனே பழி விப்ராட்டோ மேல் விழுகிறது. அதைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுகிறார்கள், கம்பியைக் கவ்விப் பூட்டும் லாக்கிங் கீ வாங்குகிறார்கள், கடைசியில் ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உடலோடு அழுத்தி அசையாமல் செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கிட்டார்களின் விப்ராட்டோக்கள் பெரும்பாலும் நல்ல பொறிகள். கம்பி எங்கெங்கே உரசுகிறதோ அங்கேதான் கோளாறு. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950-களில் இந்தக் கிட்டார்கள் கனத்த கம்பிகளோடு, மேலே மெல்லிய கம்பி சுற்றிய மூன்றாம் கம்பியான ஜி-யோடு விற்கப்பட்டன. மறுபதிப்புகள் மரம், பிரிட்ஜ், கீ எல்லாவற்றையும் அன்றைய அளவில் செய்துவிட்டு, கம்பியை மட்டும் இன்றைய 9-42 அல்லது 10-46 செட்டாகப் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போடுகின்றன. பழைய பிக்கப்பில் (அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஜி கம்பிக்குக் கீழே உள்ள காந்தத் தூண் உயர்ந்து நிற்பதும், சுற்றில்லாத ஜி அதனால் தனியே உரக்க ஒலிப்பதும் இதே பொருந்தாமையின் மிச்சம்தான். சுருதிச் சிக்கலில் பாதிக்கு மேல் இங்கிருந்து கிளைக்கிறது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஃபெண்டர் இதை ட்ரெமலோ என்று அழைத்தது. உண்மையில் ட்ரெமலோ என்பது ஒலி அளவின் ஏற்ற இறக்கம், விப்ராட்டோ என்பது சுருதியின் ஏற்ற இறக்கம். அதே நிறுவனம் தன் ஆம்ப்களில் ஒலி அளவை ஆட்டும் வசதிக்கு விப்ராட்டோ என்று பெயர் வைத்தது. இக்கட்டுரையில் விப்ராட்டோ என்றால் கைப்பிடியால் சுருதியை ஆட்டும் பொறிதான்.

எந்தப் பக்கம் விலகுகிறது என்று முதலில் பாருங்கள்

டியூனர் இல்லாமல் இந்த வேலை ஆகாது. ஆறு கம்பியையும் கீழிருந்து மேலே ஏற்றியே சுருதி சேருங்கள். கைப்பிடியைக் கம்பி தளரும் வரை அழுத்தி, கையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். விலகல் எந்தத் திசையில் என்பதே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

ஸ்ட்ராட்டில் அழுத்தி விட்டபின் ஒரு கம்பியின் சுருதி மட்டும் ஏறி நின்றால், அது நட்டிலோ (கழுத்தின் நுனியில் கம்பி தங்கும் காடிகள் வெட்டிய துண்டு) தலையில் உள்ள ஸ்ட்ரிங் ட்ரீயிலோ (கம்பியைக் கீழே அழுத்தும் சிறு கொக்கி) சிக்குகிறது. காரணம் எளிது. கம்பி தளரும்போது கீ பக்கமிருந்த இழுவிசை கொஞ்சம் கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிரிட்ஜ் திரும்பும்போது அந்தக் கம்பி மறுபடி இந்தப் பக்கம் வழுக்கி வர வேண்டும். நட்டின் காடி இறுக்கிப் பிடித்தால் வராது. அதிரும் பகுதி கூடுதல் இறுக்கத்தில் நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் அதே கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஒரு பெண்ட் செய்து விடுங்கள். சுருதி இறங்கிச் சரியான இடத்துக்கு வந்தால் நட்தான் என்பது உறுதி. பெண்ட் செய்தபின் கம்பி இறங்கி நிற்பதும் இதே நோய்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. அப்போது கைப்பிடியை மெல்ல ஒரு தட்டு தட்டினால் சுருதி திரும்பிவிடும்.

ஒரு கம்பி மட்டும் இறங்கி நின்று, பெண்ட் செய்தாலும் தட்டினாலும் திரும்பாவிட்டால் கீயில் சுற்று நழுவுகிறது. ஆறும் ஒன்றாக இறங்கினாலோ ஏறினாலோதான் பிரிட்ஜையும் ஸ்பிரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

மிதக்கும் பிரிட்ஜில், அதாவது பின்விளிம்பு உடலைத் தொடாமல் ஸ்பிரிங்கின் இழுப்பில் நிற்கும் பிரிட்ஜில், ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கம்பி ஏறி நின்றால் அது பிரிட்ஜைச் சற்று முன்னால் இழுக்கும். மற்ற ஐந்தும் கொஞ்சம் இறங்கும். பலர் அந்த ஐந்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி ஆறாவதாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். எது அதிகம் விலகியதோ அதை முதலில் பிடியுங்கள்.

பிக்ஸ்பி, ஜாஸ்மாஸ்டர் போன்றவற்றில் கம்பி பிரிட்ஜைத் தாண்டிப் போய்த் தனி வால்பகுதியில் முடிகிறது. அங்கே அழுத்தி விட்டபின் கம்பி இறங்கி நின்றால் பிரிட்ஜில் கம்பி தங்கும் சேடிலில் சிக்கல், ஏறி நின்றால் நட்டில் சிக்கல். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் வீண் செலவு பெருமளவு குறையும்.

ஸ்ட்ராட்: ஆறு திருகின் கணக்கு

1954-இல் வந்த இந்த விப்ராட்டோவின் தகடு முன்விளிம்பில் ஆறு திருகுகளைப் பிடித்து ஆடுகிறது. மறுபதிப்பில் கம்பி வரிசையின் அகலம் 2 7/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56.4 மி.மீ. பிற்கால இரு திருகு பிரிட்ஜ்களில் அது 52.5 மி.மீ. வேறு பிரிட்ஜ் வாங்க நினைப்பவர் இதை அளக்காமல் வாங்கினால் திருகுத் துளைகள் பொருந்தாது.

ஆறு திருகையும் அடிவரை இறுக்குவதுதான் எங்கும் காணும் தவறு. தகடு நசுங்கிப் பிடிபட்டு, திரும்பி வரும்போது பாதியில் நின்றுவிடும். அதிகம் தளர்த்தினாலும் ஆபத்து: தகடு திருகின் மரையில் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். செய்ய வேண்டியது இது. கம்பிகளைத் தளர்த்துங்கள். தகட்டின் பின்பக்கம் முழு உயரத்துக்கு எழும்பி நிற்கும்படி கைப்பிடியை அழுத்திப் பிடியுங்கள். அந்த நிலையில் வெளி இரு திருகுகளின் தலை தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். உள் நான்கையும் அதைவிட ஒரு சுற்று மேலே விடுங்கள். இனி சுமையைத் தாங்குவது வெளி இரண்டுதான். நடு நான்கு காவல் மட்டும். திருகுக் கழுத்திலும் தகட்டின் துளை விளிம்பிலும் ஒரு துளி கிரீஸ் போதும். துளை விளிம்பில் முலாம் தடித்துப் பிசிறாக இருந்தால் மெல்லிய அரத்தால் வழித்துவிடுங்கள்.

அடுத்தது மிதவை. தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் 1/8 அங்குலம், அதாவது 3.2 மி.மீ. இடைவெளி என்பது ஃபெண்டரே தரும் அளவு. அளக்க 3 மி.மீ. துளையிடும் பிட் ஒன்றை அடியில் செருகினால் போதும். இடைவெளி கூடினால் பின்பக்க உறையைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டிய கிளாவின் இரு திருகுகளையும் அரைச் சுற்று இறுக்குங்கள், குறைந்தால் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் சுருதியை மறுபடி சேர்த்தே அளக்க வேண்டும். நான்கைந்து சுற்று வேலை இது, பொறுமை வேண்டும். 10-46 செட்டுக்கு மூன்று ஸ்பிரிங் போதும். இந்த இடைவெளியில் கைப்பிடியை மேலே இழுத்தால் ஜி ஏறக்குறைய ஒன்றரைச் சுரம் ஏறும், பி ஒரு சுரம், மெல்லிய ஈ அரைச் சுரம்.

மிதவைக்கு ஒரு விலை உண்டு. ஒரு கம்பியைப் பெண்ட் செய்தால் மற்றவை சற்று இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் எல்லாம் ஏறிவிடும். மேலே இழுத்து வாசிக்கும் பழக்கம் இல்லாதவர் பிரிட்ஜை உடல்மேல் படிய வைத்து, கீழே அழுத்த மட்டும் விடலாம். ஸ்பிரிங்கை அளவுக்கு மிஞ்சி இறுக்க வேண்டாம். பெரிய பெண்ட் செய்யும்போது தகடு எழாமல் இருந்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் இருந்தால் நட்டுக்குப் போங்கள். என் கணக்கில் மறுபதிப்பு ஸ்ட்ராட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. காடி கம்பியைவிட 0.002 அங்குலம், ஏறத்தாழ 0.05 மி.மீ., அகலமாக இருக்க வேண்டும். அடிப்பாகம் கீ பக்கம் சரிந்து, கம்பி ஃப்ரெட் பக்க விளிம்பில் மட்டும் படிய வேண்டும். காடி ஆழமாகிக் கம்பி முழுதும் புதைந்திருந்தால் பக்கச் சுவர்கள் பிடிக்கும். கம்பியின் பாதித் தடிமன் வெளியே தெரிந்தால் சரி. ஆலையில் 9 செட்டுக்கு வெட்டிய காடியில் 10 செட் போடுகிறவர்களுக்கு முதலில் சிக்குவது ஜி. கீயைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். கம்பியின் அளவுக்கு உரிய நட் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, பென்சில் கரித்தூளோ டெஃப்லான் கிரீஸோ தடவினால் போதும். கரித்தூள் மட்டும் தடவினால் நோய் தற்காலிகமாக அடங்கும், குணமாகாது. ஆழத்தைத் தொடாமல் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்துங்கள். ஒரு இழை கூடுதலாக ஆழம் போனால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் தட்டும். பிறகு நட்டையே மாற்ற வேண்டும்.

தலையில் உள்ள ஸ்ட்ரிங் ட்ரீயைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 1950-களின் தொடக்க மாதிரிகளில் வட்டமானது, பிறகு வந்தவற்றில் பட்டாம்பூச்சி வடிவம். ஈ, பி கம்பிகளை அது கீழே அழுத்துகிறது. அடியில் சிறு உயர்த்தி இல்லாமல் மரத்தோடு அழுத்திப் பூட்டியிருந்தால் கோணம் செங்குத்தாகி உரசல் கூடும். உயர்த்தியைச் சேர்த்து, கம்பி படும் அடிப்பகுதியை மெல்லிய தாளால் தேய்த்து மெருகேற்றுங்கள். ஜி கம்பிக்கு இந்த அழுத்தமே கிடையாது. ஆகவே கீயில் சுற்றுகளைக் கீழ்நோக்கி அடுக்கி, அதன் கோணத்தை நீங்களே உருவாக்க வேண்டும்.

க்ளூசன் வகைப் பிளவுத் தூண் கீகளைப் பழசு என்று ஒதுக்குவது அநியாயம். தடித்த கம்பியைத் தூணைத் தாண்டி ஏறத்தாழ 5 செ.மீ. விட்டு, மெல்லியவற்றை அதைவிட நீளமாக விட்டு வெட்டுங்கள், நுனியைத் தூணின் நடுத்துளையில் இறக்கி, பிளவில் மடித்து, சுற்றுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியவற்றுக்கு நான்கைந்து. சுற்றின் மேல் சுற்று ஏறக் கூடாது. நுனி உள்ளே பூட்டியிருப்பதால் நழுவ வழியே இல்லை. புதுக் கம்பியை 12-ஆவது ஃப்ரெட் அருகே விரலால் தூக்கி இழுத்து, சுருதி சேர்த்து, அது இறங்காத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

சேடில்களைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. வளைத்த எஃகுச் சேடிலின் இரு உயரத் திருகுகளும் தகட்டில் ஊன்றி நிற்கின்றனவா என்று பாருங்கள். கம்பி சேடிலுக்குப் பின்னால் தகட்டின் துளை விளிம்பில் உரசினால் அங்கேயே அறும்.

கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று போடுங்கள். அமெரிக்கத் தயாரிப்பில் 10-32 மரை, வேறு நாடுகளில் செய்யும் பலவற்றில் மெட்ரிக் மரை. மாற்றிச் செருகித் திருகினால் தகட்டுக்கு அடியிலுள்ள உலோகக் கட்டையின் மரை பாழாகும்.

கழுத்தைப் பற்றி ஒரு வரி: அமெரிக்கன் விண்டேஜ் 2, விண்டெரா 2 இரண்டிலும் ஃப்ரெட்போர்டு வளைவு 7.25 அங்குலம். அதற்கு ஃபெண்டர் தரும் கம்பி உயர அளவு 17-ஆவது ஃப்ரெட்டில் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. அதற்கும் கீழே இறக்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்யும்போது ஒலி செத்துவிடும்.

ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார்: தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவை

1958-இல் ஜாஸ்மாஸ்டர், 1962-இல் ஜாகுவார். இவற்றின் மிதவை விப்ராட்டோ நான் அறிந்தவற்றில் மிக மென்மையானது. கம்பி சேடில்மேல் வழுக்குவதில்லை. பிரிட்ஜே இரு கூர்முனைகளில் நின்று கம்பியோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. உராய்வைத் தவிர்க்க இதைவிட நேர்த்தியான யோசனை கிடையாது. ஆனால் அது கனத்த கம்பியின் அழுத்தத்தை நம்பிக் கட்டிய யோசனை. பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி மிகச் சிறிய கோணத்திலேயே வால்பகுதிக்குப் போகிறது. 9 செட் போட்டால் கீழ் அழுத்தம் போதாது. கம்பி சேடில் பள்ளத்திலிருந்து துள்ளும், பிரிட்ஜ் கிலுகிலுக்கும், திரும்பி வந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். ஜாகுவாரின் அளவு நீளம் 24 அங்குலம், ஜாஸ்மாஸ்டருக்கு 25.5. நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும், ஆகவே ஜாகுவாரில் தொல்லை இரட்டிப்பு.

தீர்வின் வரிசை முக்கியம். முதலில் 11 செட் போடுங்கள். ஜாகுவாருக்கு 12 கூடத் தகும். பிறகு கழுத்துக் குழியில் அரை முதல் ஒரு டிகிரி சாய்வுள்ள ஷிம் (மெல்லிய ஆப்பு) வையுங்கள். கழுத்து சாய்ந்தால் பிரிட்ஜை உயர்த்தலாம், உயர்த்தினால் கோணமும் அழுத்தமும் கூடும். அடுத்து, சுருதி சேர்ந்த நிலையில் பிரிட்ஜ் தன் குழிகளின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் கையால் நேராக்குங்கள். அதிர்ச்சியில் இறங்கிப்போகும் சிறு திருகுகளுக்கு எளிதில் கழற்றக்கூடிய வகை மரைப்பசை ஒரு துளி. சேடிலில் கம்பி நிலைக்கவில்லை என்றால் ஃபெண்டரின் முஸ்டாங் கிட்டாரின் பிரிட்ஜ் அதே துளைகளில் பொருந்தும். அதன் ஒற்றைப் பள்ளம் கம்பியை விடாது.

பிரிட்ஜ் தூண்களில் டேப் சுற்றி ஆடாமல் செய்வதும், கோணத்தைக் கூட்டக் கூடுதல் அழுத்துக் கம்பி பூட்டுவதும் பரவலான வைத்தியம். கிலுகிலுப்பு போகும். ஆனால் பிரிட்ஜ் ஆடாவிட்டால் கம்பி வழுக்க வேண்டும், வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சுருதி. கைப்பிடியை அதிகம் தொடாதவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

பூட்டுப் பொத்தானை அமைப்பது ஐந்து நிமிட வேலை. சுருதி சேர்த்துவிட்டு, கைப்பிடியை இலேசாக அழுத்தி, பொத்தானைத் தள்ளிப் பூட்டி, விடுங்கள். சுருதி மாறக் கூடாது. மாறினால் தகட்டின் நடுத் திருகை இறுக்கியோ தளர்த்தியோ, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். இந்த நிலைக்கு வந்த ஸ்பிரிங்தான் சரியான இறுக்கம். கம்பி அறுந்தாலும் பூட்டிவிட்டு மற்ற ஐந்தில் வாசிக்கலாம்.

பிக்ஸ்பியும் மேஸ்ட்ரோவும்

பிக்ஸ்பியின் உருளை பேரிங்கில் சுழல்கிறது. அதில் குறை சொல்ல இடமில்லை. எந்த பிரிட்ஜோடு அதைச் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி. கம்பியோடு முன்பின் சாயும் பார் பிரிட்ஜோடு வரும் கிரெட்ச்கள் நன்றாகத் திரும்புகின்றன. அந்த பிரிட்ஜின் மர அடி உடலில் ஊசியால் நிறுத்தப்பட்டதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் இடமே நகரும். கிப்சனின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜோடு சேர்ந்தால் ஆறு கூரிய சேடில்மேல் கம்பி உரசுகிறது. பிக்ஸ்பியின் பி5, பி7 மாதிரிகளில் கம்பியை அழுத்தும் இரண்டாம் உருளை இருப்பதால் கோணம் இன்னும் செங்குத்து. சேடில் பள்ளங்களை மெருகேற்றுங்கள், அல்லது நைலான் சேடில் போடுங்கள். கிப்சனே 1960-களில் நைலானைப் போட்டது. உருளை பிரிட்ஜும் உதவும், உருளைகள் உண்மையிலேயே சுழலும்வரை. கம்பி மாட்டும்போது உருண்டை முனை ஊசியிலிருந்து கழன்று வெறுப்பேற்றும். முனையை இடுக்கியால் முன்கூட்டியே வளைத்து மாட்டி, கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி) ஒன்றால் கம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சுற்றுங்கள்.

மேஸ்ட்ரோ வைப்ரோலா வளைத்த எஃகுத் தகடு ஒன்றுதான். பேரிங் இல்லை, அச்சு இல்லை. அதனால் அதில் கெட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றுக்கு மூன்று கீ வைத்த கிப்சன் தலையில் டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புகின்றன, தலையின் சாய்வும் 17 டிகிரி. நட்டின் காடிகளை அந்தந்தக் கீயை நோக்கித் திருப்பி அரம் போடாவிட்டால் ஜி ஒருபோதும் திரும்பாது. நாண் ஒன்றின் முடிவில் மெல்லிய அலை வேண்டும் என்பவருக்கு இது அழகு. கம்பி தளரும்வரை அழுத்த நினைப்பவர் வேறு கிட்டார் பார்ப்பது நல்லது.

எதை மாற்றுவது, எதை விடுவது

பணம் செலவழிக்கும் வரிசை: புதுக் கம்பி, நட் வேலை, ஸ்ட்ரிங் ட்ரீ, பிறகு பிரிட்ஜ் திருகுகள். இந்த நான்கும் முடியும் முன் லாக்கிங் கீ வாங்க வேண்டாம். அது சுற்று நழுவுவதை மட்டும் தடுக்கும். நட்டில் சிக்கும் கம்பி லாக்கிங் கீயிலும் அதே இடத்தில் சிக்கும். துத்தநாகக் கட்டையை எஃகுக் கட்டையாக மாற்றுவது ஒலிக்காகச் செய்வது, சுருதிக்கு அதில் பயனில்லை. பிக்கப் உயரத்தை மட்டும் கவனியுங்கள்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இருக்கட்டும். காந்தம் மிக அருகில் வந்தால் தடித்த கம்பிகள் இரட்டை ஒலியாகக் கேட்கும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராதது போலவே இருக்கும்.

வாங்கும்போதே சோதிக்கலாம், மூன்று நிமிடம் போதும். சுருதி சேருங்கள். ஜி கம்பியை ஒரு சுரம் பெண்ட் செய்து விட்டு டியூனரைப் பாருங்கள். கைப்பிடியை அடிவரை அழுத்திவிட்டு ஆறையும் பாருங்கள். ஒரு கம்பி, அதுவும் ஜி அல்லது பி, மட்டும் விலகினால் தயங்காமல் எடுங்கள். அது நட் வேலை. ஆறும் ஒன்றாக விலகி, கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் திரும்பினால் ஆறு திருகின் வேலை. தட்டியும் திரும்பாமல், அழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் விலகினால் திருகு பிடிக்கும் மரத்துளைகளோ தகட்டின் விளிம்போ தேய்ந்திருக்கும். அந்தக் கிட்டாரை மாட்டியிருந்த இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டு, அதே மாதிரியில் இன்னொன்றைக் கேளுங்கள்.